வேர்ப்புழுவும் நூற்புழுவும்

(கறம்பக்குடியில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



உழவர்க்குப் பயன்படும் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தனர். தமிழ் கற்பிப்போனுக்குப் புழு பூச்சிகளைப் பற்றிப் பேச என்ன உரிமை உண்டு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்துக் குடும்பங்களுட் பல உழவையே நம்பி வாழ்வன. கடலை பொய்த்துப்போன ஆண்டில் மேற்படிப்பை விடுத்துத் திருப்பூருக்கு வேலை தேடிச் செல்லும் மாணாக்கரை யான் கண்டிருக்கின்றேன். ஆதலின் கொல்லையில் நிகழ்வது வகுப்பறைக்குப் புறம்பானது அன்று. யான் ஈண்டுக் கூறப்போவன யானே கண்டறிந்தவை அல்ல. அறிஞர் பலர் ஆய்ந்து எழுதியவற்றைக் கற்று, நம்மவர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துரைப்பதே என் வேலை.

கடலைச் செடிகள் செழித்து நிற்கும்போதே, அங்கொரு திட்டும் இங்கொரு திட்டுமாகச் சில செடிகள் பழுத்து வாடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈரம் போதவில்லை என்று கருதி நீர் பாய்ச்சினாலும் அவ்வாட்டம் தீர்வதில்லை. செடியைப் பிடித்து இழுத்தால் வேர் அறுப்புண்ட நிலையில் எளிதாகக் கையோடு வந்துவிடும். அவ்விடத்து மண்ணைச் சாண் ஆழம் பறித்துப் பார்த்தால், பால்போன்ற உடலும் பழுப்புத் தலையும் மூன்று இணைக் கால்களும் உடையதாய், வில்லைப்போல் வளைந்து கிடக்கும் தடித்த புழுவொன்று காணப்படும். இதனையே வேர்ப்புழு என்றும் வெண்புழு என்றும் கூறுகின்றோம். கரும்புக் கொல்லையில் இது பெருகினால் தூர் முழுவதும் காய்ந்து சாய்ந்துவிடும்.

இப்புழுவின் பிறப்பை அறியாமல் இதனை வெல்லுதல் அரிது. கோடையின் முதல் நன்மழை பெய்ததும், அந்தி மயங்கும் வேளையில் மண்ணைப் பிளந்துகொண்டு பழுப்பு வண்டுகள் கூட்டங் கூட்டமாக வெளிப்படுகின்றன. அவை வேம்பு, வேல், இலந்தை முதலிய மரங்களில் ஏறித் தழையைத் தின்று, அங்கேயே கூடி, விடியுமுன் மீண்டும் மண்ணுட் புகுகின்றன. பெண் வண்டு ஈரமண்ணில் முட்டையிடுகின்றது. முட்டையினின்று வெளிப்பட்ட புழு முதலில் மக்கிய பொருளையும் மெல்லிய வேரையும் தின்னும். இருமுறை தோலுரித்து மூன்றாம் பருவம் எய்தியபின் பெருவேரையே அறுக்கும். நாம் வாட்டத்தைக் காண்பது இம்மூன்றாம் பருவத்தில்தான். பின்னர் அது மண்ணின் ஆழத்துக்குச் சென்று கூட்டுப்புழுவாகி, வண்டாகி, அடுத்த கோடைமழை வரும்வரை அங்கேயே காத்துக் கிடக்கும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்பது இதன் கணக்கு.

இதற்கு நம் உழவர் நெடுநாளாக நம்பியிருந்தது நஞ்சு. முன்னர்ப் பி.எச்.சி. தூளை மண்ணில் கலந்தனர். அது 1997ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. பின்னர்ப் போரேட் என்னும் குருணையை இட்டனர். அது தொட்டாரையும் முகர்ந்தாரையும் வருத்தும் கொடிய நஞ்சு. 2018ஆம் ஆண்டில் நடுவண் அரசு பிறப்பித்த ஆணையால் 2020 டிசம்பர் 31 முதல் அதுவும் விலக்கப்பட்டது. விலக்கப்பட்டது நன்றே. நெல் மூட்டையும் நஞ்சு மூட்டையும் ஒரே அறையில் கிடக்க, குழந்தைகள் இடையே விளையாடும் வீடுகள் நம்மிடையே இருந்தன. ஆயினும், பழைய மருந்து போயிற்று, புழுவோ போகவில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்து இட்டுக் கடனை ஏற்றிக்கொள்வதா, அன்றி வேறு வழி உண்டா என்பதே இன்று நம்முன் உள்ள வினா.

வேறு வழி உண்டு. உயிரைக் கொண்டு உயிரை அடக்கும் வழி அது. பூனையை வளர்த்து எலியை ஒழிப்பது நாம் அறிந்ததே. அதுபோல, வேர்ப்புழுவின் உடலிற் புகுந்து அதனைக் கொல்லும் நுண்ணிய புழுக்கள் மண்ணிலேயே உள்ளன. அவற்றைப் பெருக்கி வயலில் விடுவதே அம்முறை. அந்நுண்புழுக்களை நூற்புழுக்கள் என்பர்.

நூற்புழு என்றவுடன் உங்களுட் பலர் திடுக்கிடுவது இயல்பே. நூல் போன்ற புழு நூற்புழு. இப்பெயர் வடிவம் பற்றி வந்தது, குணம் பற்றி வந்ததன்று. வாழையின் வேரைத் துளைப்பதும், தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு உண்டாக்குவதும் நூற்புழுவே. யான் கூறவந்ததும் நூற்புழுவே. ஆயினும் இவை வேறு, அவை வேறு. பயிரைத் தாக்கும் இனத்துக்கு வேரிற் குத்தி உறிஞ்சும் ஊசி போன்ற உறுப்பு வாயில் உண்டு. பூச்சியைத் தாக்கும் இனத்துக்கு அஃது இல்லை. ஒரே ஊர்ப்பெயர் பூண்டார் அனைவரும் ஒரே குணத்தினர் ஆகாமைபோல என்று கொள்க. பூச்சியைக் கொல்லும் நூற்புழு பயிரைத் தீண்டாது. மண்புழுவுக்கும் ஆடு மாடுகளுக்கும் மனிதர்க்கும் தீங்கு செய்வதில்லை. அமெரிக்க நாட்டில் பூச்சிமருந்துகளுக்கு உரிய பதிவுக் கட்டுப்பாட்டிலிருந்து இவற்றை விலக்கி வைத்திருப்பதும் இதுபற்றியே.

இவற்றுள் பெயர்பெற்ற இனங்கள் இரண்டு: ஹெட்டரோராப்டிடிஸ் என்பது ஒன்று, ஸ்டைனர்நீமா என்பது மற்றொன்று. நாவுக்கு அரிய பெயர்களேயாயினும் மருந்துப் பொதியின்மேல் இவை அச்சிடப்பட்டிருக்கும் ஆதலின் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இவை தொழில் செய்யும் வகையைக் கூறுகின்றேன். வயலில் விடப்படும் பருவத்தில் இந்த நூற்புழு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமே உடையது. வெறுங் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அப்பருவத்தில் அது எதனையும் உண்ணாது. வாய் மூடியிருக்கும்; பழைய தோலே போர்வைபோல் உடலை மூடியிருக்கும். அதன் குடலுள் ஒருவகை நுண்ணுயிர் குடியிருக்கும். வேர்ப்புழு விடும் மூச்சின் தடத்தை உணர்ந்து, மண்துகள்களின்மேற் படிந்த நீர்ப்படலத்தில் நீந்திச் செல்லும் நூற்புழு, அதன் வாய்வழியாகவோ குதவழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ உள்ளே புகுகின்றது. ஹெட்டரோராப்டிடிஸ் தன் சிறு பல்லால் மெல்லிய தோலைக் கீறியும் புகவல்லது. புகுந்தபின் தன் குடலிலுள்ள நுண்ணுயிரைப் புழுவின் குருதியில் விடுகின்றது. அந்நுண்ணுயிர் பெருகப் பெருக, வேர்ப்புழு பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் மடிகின்றது.

இதிலுள்ள உடன்பாட்டைக் கருதுங்கள். நுண்ணுயிர் தானே மண்ணில் நடந்து புழுவைத் தேட இயலாது. நூற்புழு தானே அத்துணை விரைவிற் பெரும்புழுவைக் கொல்ல இயலாது. ஒன்று ஊர்தி, மற்றொன்று படைக்கலம். இறந்த உடல் அழுகி நாறுவதில்லை. பிற நுண்ணுயிர்கள் அண்டாதவாறு அந்நுண்ணுயிரே காக்கின்றது. ஹெட்டரோராப்டிடிஸ் புகுந்த உடல் செங்கல் நிறம் கொள்ளும். இருளில் உற்று நோக்கினால் மெல்லிய ஒளியும் வீசும். ஸ்டைனர்நீமா புகுந்த உடல் பழுப்பு நிறம் கொள்ளும். அவ்வுடலையே உணவாகக் கொண்டு நூற்புழுக்கள் இரண்டொரு தலைமுறை பெருகி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் ஆயிரம் ஆயிரமாக வெளிப்பட்டு அடுத்த இரையைத் தேடிச் செல்லும். நஞ்சு இட்ட அன்றே தேயத் தொடங்குவது. இஃதோ, இரையும் ஈரமும் உள்ளவரை வளர்வது.

இக்கலையின் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 1916ஆம் ஆண்டில் ஜப்பானிய வண்டு என்னும் அயல்நாட்டு வண்டு முதன்முதலாகக் காணப்பட்டது. அதன் புழுவும் நம் வேர்ப்புழுவைப் போலவே புல்வேரைத் தின்பது. 1929ஆம் ஆண்டில், அம்மாநிலத்தில் அவ்வண்டின் புழுக்கள் சில நூற்புழு புகுந்து இறந்து கிடந்தமையைக் கிளேசர் முதலிய அறிஞர் கண்டனர். ஏனையோர் அதனை ஒரு வியப்பாகக் கருதி விட்டிருப்பர். கிளேசரோ அந்நூற்புழுவைச் செயற்கை உணவில் வளர்க்கும் முறையைக் கண்டு, வயல்களில் விட்டும் பார்த்தார். அதன்பின் விலைமலிந்த செயற்கை நஞ்சுகள் உலகெங்கும் பரவவே, அவர் முயற்சி பல்லாண்டு மறக்கப்பட்டுக் கிடந்தது. நஞ்சின் தீமை வெளிப்பட்ட பின்னரே உலகம் இவ்வழிக்கு மீண்டும் திரும்பிற்று.

நம் நாடும் இதிற் பின்தங்கவில்லை. கோயம்புத்தூரில் 1912ஆம் ஆண்டு தோன்றி, உலகிற்கே கரும்பு வகைகளை ஈந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தை நீங்கள் அறிவீர்கள். கோயம்புத்தூரிற் கிடைத்த ஒரு புதிய நூற்புழுவைப் பாய்னர், கருணாகர், டேவிட் என்னும் மூவர் 1992ஆம் ஆண்டில் ஆய்ந்து உலகிற்கு அறிவித்தனர். அதற்கு ஹெட்டரோராப்டிடிஸ் இண்டிகா என்று நம் நாட்டின் பெயரையே சூட்டினர். பின்னர் அது வெப்பநாடுகள் பலவற்றிலும் உள்ளமை தெரியவந்தது. குளிர்நாட்டு நூற்புழுக்கள் நம் மண்ணின் வெம்மையில் சோர்ந்துபோக, இது தாங்கி நிற்பது. நம் நோய்க்கு மருந்து நம் கொங்குநாட்டு மண்ணிலேயே கிடந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிவளப் பணியகத்தார் இதனைத் தூள்வடிவில் நெடுநாள் கெடாது வைக்கும் முறையைக் கண்டு, வணிகர்க்கு அளித்துள்ளனர். இடுக்கி மலையில் ஏலத்தோட்டத்தார் வேறொரு வழியைக் கைக்கொண்டனர். தேன்கூட்டின் மெழுகைத் தின்னும் புழுவை வளர்த்து, அதில் நூற்புழுவைப் புகவிட்டு, இறந்த அவ்வுடலையே ஏலச்செடியின் அடியிற் புதைத்தனர். உடலினின்று வெளிப்படும் நூற்புழுக்கள் வேர்ப்புழுவைத் தேடிச் செல்லும். அம்மலையில் நம் தமிழ்மக்கள் பலர் உழைக்கின்றனர் ஆதலின் இது கேட்டறிதற்கு எளிது. காசர்கோட்டுத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தாரும் தென்னை, கமுகு வேர்ப்புழுவுக்கு நூற்புழுவைப் பரிந்துரைத்துள்ளனர்.

இத்துணைச் சிறப்புடையதாயின், வாங்கி இட்டவர் சிலர் பயன் காணவில்லையே, ஏன் என்று வினாவுவீர்கள். வினா தக்கதே. அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம். நாம் இதனை மருந்து என்று நினைக்கின்றோம். இது மருந்தன்று, உயிர். கோழிக்குஞ்சை வாங்கி வருவோர் அதனை மூட்டையிற் கட்டி வெயிலிற் போடமாட்டார். நூற்புழுவையோ மோட்டார் வண்டியின் பின்னே வெயிலிற் கட்டிவந்து, உச்சிப்பொழுதில் காய்ந்த மண்மேல் தெளித்துவிட்டு, பொய்ம்மருந்து என்று கடைக்காரரை நோவோர் உளர். கதிரவன் ஒளி நேரே பட்டால் சில நிமிடங்களிலேயே இவை மடியும். ஈரம் அற்ற மண்ணில் இவை நகரமாட்டா. மண்ணின் வெப்பம் 20 முதல் 30 பாகை வரை இருப்பது இவற்றுக்கு உகந்தது.

மற்றொரு காரணம் வேர்ப்புழுவின் வலிமை. அது பிறந்தது முதல் மண்ணில் வாழ்வது; நூற்புழுவோடு பழகிய பகைமை உடையது. அதன் மூச்சுத்துளைகளைச் சல்லடை போன்ற தட்டு மூடியிருக்கின்றது. அடிக்கடி கழிவை வெளியேற்றுவதால் குதவழியாகப் புகுவதும் எளிதன்று. முற்றிய மூன்றாம் பருவப் புழுவைக் கொல்வது இளம் புழுவைக் கொல்வதினும் அரிது. ஆகவே, செடி வாடியபின் நூற்புழுவைத் தேடி ஓடுவது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். முன்னே செய்தல் வேண்டும்.

செய்யும் முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். கோடைமழையில் வண்டு வெளிப்பட்டு ஒன்றரை, இரண்டு மாதங்களில் இளம்புழு மண்ணில் இருக்கும். ஆடிப்பட்டத்தில் விதைப்போர் விதைப்பை ஒட்டி, மண்ணில் நல்ல ஈரம் உள்ளபோது இடுவது தகும். ஆனி, ஆடியில் கரும்புக்கு இடலாம். ஏக்கருக்கு ஏறத்தாழ 100 கோடி நூற்புழுக்கள் என்பது அறிஞர் பெரிதும் கொள்ளும் அளவு. கேட்க மலைப்பாக இருப்பினும், கணக்கிட்டால் ஒரு சதுர சென்டிமீட்டர் நிலத்துக்கு 25 புழுக்களே ஆகும். பொதியின்மேல் எழுதிய அளவையும் காலக்கெடுவையும் படித்துப் பார்த்து வாங்குக. நிழலிற் கொண்டுவந்து குளிர்ந்த இடத்தில் வைக்க. மாலை ஐந்து மணிக்குமேல், நிலத்தை நனைத்தபின் நீரிற் கரைத்து இடுக. கலத்தில் வண்டல்போல் படிந்துவிடும் ஆதலின் அடிக்கடி கலக்குக. தெளிப்பானிலுள்ள நுண்சல்லடையை நீக்கிவிடுக. கரைத்ததை மறுநாளைக்கு வைக்கற்க. இட்டபின் மீண்டும் நீர் பாய்ச்சுக. இரண்டு வாரம் ஈரம் காக்க. பூச்சிநஞ்சோடு கலக்கற்க.

பகைக்கு ஏற்ற படை வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். 2018 நவம்பர் 16ஆம் நாள் வீசிய கஜாப் புயலில் நம் தென்னைகள் வீழ்ந்ததை எவரும் மறந்திலர். மக்கும் தென்னந்தண்டும் எருக்குழியும் காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடங்கள். அதன் புழுவும் பார்வைக்கு வேர்ப்புழுவை ஒத்திருக்கும். ஆயினும் அதற்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படுவது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சை. எல்லாப் புழுவுக்கும் ஒரே பொதி என்று எவரேனும் விற்றால் நம்பற்க.

இனி, தனித்தனி உழவரால் ஆகாமல் நம் சங்கத்தால் மட்டும் ஆகக்கூடியது ஒன்றுண்டு. வண்டு வரப்பு அறியாது. ஒருவர் தம் ஒரு ஏக்கரில் நூற்புழு இட்டு, சுற்றியுள்ளோர் வாளா இருந்தால், அடுத்த கோடையில் அண்டைக் கொல்லை வண்டுகள் அவர் நிலத்தில் முட்டையிடும். அவர் செலவு பாதி வீணாகும். ஆதலின் மூன்று செயல்களைச் சங்கத்தின்முன் வைக்கின்றேன்.

முதலாவது, கோடையின் முதல் நன்மழை பெய்த நாளிலிருந்து சில நாட்கள், அந்திக்குப்பின் நம் இளைஞர் விளக்கோடு சென்று, கொல்லையோரத்து வேம்பையும் வேலையும் உலுக்கி, விழும் வண்டுகளைத் திரட்டி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுதல் வேண்டும். ஒரு பெண் வண்டை நீக்குவது பல புழுக்களை நீக்குவதாகும். இதற்குக் காசு வேண்டா, கூட்டுறவே வேண்டும். கோடையுழவை ஆழ உழுதால் அடியிற் கிடப்பவை மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். மக்காத எருவை இடாதிருப்பதும் நலம்.

இரண்டாவது, நூற்புழு வாங்க விரும்புவோர் ஆளுக்கொரு பொதியாக அலையாமல், சங்கத்தின்வழி ஒருநாளில் ஒருங்கே வரவழைத்து அன்றே பகிர்ந்துகொள்ளுதல் வேண்டும். வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கின்றது, நமக்கு அண்மையது. வாங்குமுன் அங்குள்ளாரை வினவித் தெளிதல் கடன். பொதி வந்ததும் சிறிது எடுத்து நீரிற் கரைத்து, நுண்ணோக்கியில் பார்த்தல் வேண்டும். நெளிவன உயிருள்ளவை, நேராய் அசைவற்றுக் கிடப்பவை பெரும்பாலும் இறந்தவை. பள்ளிகளில் நுண்ணோக்கி உண்டு; பார்க்கத் தெரிந்த மாணாக்கரும் உளர். தந்தை வாங்கும் பொருளை மகளே சோதித்துச் சொல்லும் நாள் வருமாயின், கல்வி கொல்லைக்குப் பயன்பட்டது என்று யான் மகிழ்வேன்.

மூன்றாவது, இடுவோர் அனைவரும் தம் நிலத்தில் ஒரு சிறு பாத்தியை இடாது விடுதல் வேண்டும். மூன்று வாரம் கழித்து, இட்ட இடத்திலும் இடாத இடத்திலும் ஒத்த அளவு மண்ணைத் தோண்டி, உயிருள்ள புழு எத்தனை, செந்நிறமாய் இறந்தது எத்தனை என்று எண்ணிக் குறித்துச் சங்கத்துக்கு அறிவிக்க. நம் வட்டாரத்துச் செம்மண்ணில் இது எத்துணைப் பயன் தரும் என்பதை நம் கணக்கே சொல்லும். பயன் குறைவு எனில் அதனையும் மறையாது எழுதுக. பிறர் சொல்லை நம்பிச் செலவிடுவதினும் தம் கண்ணால் எண்ணிச் செலவிடுவது உழவர்க்குக் காப்பு.

ஒன்றுமட்டும் சொல்லி முடிக்கின்றேன். நஞ்சைக் கையாளக் கை இருந்தாற் போதும். உயிரைக் கையாளக் காலமும் ஈரமும் பொறுமையும் வேண்டும். இவை மூன்றும் உழவர்க்குப் புதியன அல்ல. விதை காப்பதும் கன்று வளர்ப்பதும் அறிந்த கைகள் நம் கைகள். அக்கைகளுக்கு நூற்புழுவையும் பேணத் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. வருங் கோடையின் முதல் மழைக்குமுன் எந்த மரங்களைச் சுற்றி எவ்வெவர் செல்வது என்பதை இக்கூட்டத்திலேயே முடிவுசெய்யுமாறு வேண்டிக்கொள்கின்றேன்.